மூலையில் தெரியும் எண்

ஜூன் 4

மாட்சிமை பொருந்திய டர்பைன் ஆபரேட்டர் அவர்களுக்கு,

வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்டும் தங்கள் மனைவியுமாகிய நான் எழுதிக்கொள்வது. வழக்கம்போல வக்கீல் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய தாளில், அவருடைய ரிப்பனில் அடிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் என் முதல் கடிதத்தைப் பிரித்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸ்னு நெனச்சு பயந்துட்டேன்" என்று சொன்ன ஆள்தானே நீங்கள். இப்போதும் கொஞ்சம் பயந்துகொண்டே படியுங்கள்.

நீங்கள் பஸ் ஏறிய அன்றைக்கே மின்புத்தகப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். வாங்கிய அன்று நீங்கள் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடி அலைந்துகொண்டிருந்தபோதே கடைக்காரர் எனக்கு வேண்டிய மாதிரி எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டார். அதனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. செங்கல் கனம் இருக்கிறது. மடியில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரிச் சூடு. மடக்குவதற்கு ஒரு மூலை இல்லை, முகர்ந்து பார்க்க ஒரு வாசனை இல்லை. ஆனால் உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது பாருங்கள், அதற்காக மற்ற குற்றங்களை எல்லாம் மன்னித்துவிட்டேன். மாடி வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்னக்கா, டிவியா அது?" என்றாள். "குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன், போடி" என்றேன்.

ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். இருவரிடமும் ஒரே பெட்டி, ஒரே நாவல். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூலையில் தெரியும் எண்ணைக் கடிதத்தின் அடியில் எழுத வேண்டும். கதையைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. வாடகை நூலகத்தில் பழகிய நாளில், கொலைகாரன் யாரென்று வரிசையில் நின்றபடியே சொல்லிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, அது போதும். நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டு வருஷத்தில் பாதி நாள் தனித்தனியாக இருக்கிறோம். ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருந்தால் அது ஒரே அறையில் இருப்பதில் பாதியாவது ஆகும்.

உங்கள் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. இனிமேல் பெரிதாக எழுதுங்கள். அப்புறம், பனி விழுந்து பாதை மூடுவதற்குள் இறங்கி வந்துவிட வேண்டும். போன வருஷம் மாதிரி "ஆள் கிடைக்கல, குளிர்காலத்துக்கும் நானே இருந்துடறேன்" என்று ஆரம்பித்தால் நான் பொல்லாதவள். இந்த ஒரு வருஷம் மட்டும் எனக்காக.

பக்கம் 60.


ஜூன் 19

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு,

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா? சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. ஒரு தாளில் நான்கு விஷயம் கூட அடங்கவில்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே மலை உச்சியில் குளிருக்கு அதற்கும் விறைத்துப் போகிறது. பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் போக மனமில்லாமல் நிற்கிறது, புதுப் பக்கம் அதன் மேலேயே மெல்ல வருகிறது. கம்பளிக்குள் பத்து நிமிஷம் வைத்துச் சூடு காட்டிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. ஃபோர்மேன் அதற்கு சிலேட்டு என்று பெயர் வைத்திருக்கிறார். "சிலேட்டை அழிச்சிட்டு ஷிஃப்டுக்கு வாய்யா" என்கிறார். சமையல்காரர் தனக்கும் ஒருநாள் தர வேண்டும் என்று நச்சரிக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். உனக்காகத்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அணை மின் நிலையத்தில் மூன்று டர்பைனும் ஓடுகிற இரைச்சலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இதைத் திறந்து மூலையில் அந்த எண்ணைப் பார்த்தால், இந்நேரம் அவளும் இங்கேதான் இருப்பாள் என்று தோன்றுகிறது. மனசு நிறைந்துவிடுகிறது. போதுமா?

தாடி வளர்க்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் சவரம் செய்ய என்னால் ஆகாது. பாதி வெள்ளை. பார்த்தால் நீ கதவைத் திறக்க மாட்டாய்.

பனிக்கு முன்னால் வந்துவிடுவேன். சத்தியம். பாதை மூடிவிட்டால் சாமான் தொட்டி மட்டும்தான் கம்பியில் போய் வரும் என்று உனக்குத் தெரியும். காய்கறியும் கடிதமும் அதில் வரும், ஆள் ஏறக் கூடாது. ஆபீஸ் டெலிபோனில் குடும்பக் கதை பேச ஃபோர்மேனும் விட மாட்டார். அதனால் அக்டோபரில் கடைசி லாரிக்கு முன்னால் நான் வீட்டில் இருப்பேன்.

பக்கம் 210.


ஜூலை 14

ஆபரேட்டர் ஐயாவுக்கு,

ஒரு கெட்ட செய்தி. பெட்டி செய்த கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. உங்களுக்கும் சேர்த்து இந்த முகவரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். வியாபாரம் ஓடவில்லையாம். இந்த மாதத்தோடு கடையை மூடுகிறார்களாம். இனி டெலிபோன் வயரை மாட்டிப் புதுப் புத்தகம் இறக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று கடைசியில் ஒரு வரி. நோட்டீஸ் அடித்தவளும் என்னைப் போல ஒரு டைப்பிஸ்டாகத்தான் இருப்பாள், அவளைக் கோபித்து என்ன பயன்?

நம் பெட்டியில் இருப்பது இந்த ஒரு நாவல்தான். இதை முடித்த பிறகு மற்றதை வாங்கலாம் என்று நான்தானே சொன்னேன்.

நேற்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. சாப்பிடவும் பிடிக்கவில்லை. ஒரு பெட்டிக்காக இப்படி அழுவாளா என்று நர்ஸ் கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் இந்த நாவலை மெதுவாகப் படிப்போம். அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். முடிந்துவிட்டால் அப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை.

பனிக்கு முன்னால் வருவீர்கள் அல்லவா? ஜன்னல் ஓர நாற்காலிக்குப் புது மெத்தை தைத்து வைத்திருக்கிறேன். அதில் நீங்கள்தான் முதலில் உட்கார வேண்டும்.

பக்கம் 460.


ஆகஸ்ட் 2

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு,

ஒரு கடை மூடினால் உலகம் மூடிவிட்டதா? தெருமுனையில் நூலகம் இருக்கிறது, அதில் நீ படிக்காத அலமாரி இன்னும் இரண்டு இருக்கிறது. செங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல காகிதப் புத்தகமாக எடுத்து வா. நான் வந்ததும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். என்னவோ கண்ணையே பிடுங்கிக்கொண்டு போன மாதிரி அழுதிருக்கிறாய். போகட்டும் விடு.

ஒப்பந்தத்தை மீறுகிறேன், மன்னித்துக்கொள். என்னால் அடக்க முடியவில்லை. கதையில் அந்த ரயில்வே கேட்கீப்பர் இப்படிப் போய்ச் சேருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கையில் கொடியைப் பிடித்தபடியே, கடைசி ரயிலை அனுப்பிவிட்டு. நேற்று அதைப் படித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனவன் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்க்காமல் நின்றுவிட்டேன், ஃபோர்மேன் கத்தினார். நீயும் நேற்று அந்தப் பக்கத்தில்தானே இருந்திருப்பாய்? அழுதாயா? அந்தச் சின்னப் பெண் வீட்டை விட்டுப் போனவள், இனிமேலாவது திரும்பி வருவாளா என்றுதான் எனக்குக் கவலை.

தாடி இப்போது மார்பைத் தொடுகிறது என்று சமையல்காரர் சொல்கிறார். அவருக்குக் கிட்ட இருப்பது கொஞ்சம் மங்கல், நம்பாதே.

பக்கம் 650.


ஆகஸ்ட் 13

எதற்காக அப்படிச் செய்தீர்கள்?

கேட்கீப்பர் சாவார் என்று எனக்கு எதற்குச் சொன்னீர்கள்? என் பக்கத்தில் அவர் உயிரோடு உட்கார்ந்து சின்னவளுக்குச் செருப்பு தைத்துக்கொண்டிருக்கிறார். சின்னவள் எங்கேயும் போகவில்லை. அவளுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. நேற்று ராத்திரி அவர் ஊசியில் நூல் கோத்ததைப் படித்தபோது, இந்த மனுஷன் சாகப் போகிறாரே என்ற நினைப்புதான் வந்தது. ஒரு பெண் பிள்ளையின் செருப்பைக் கூட நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

மெதுவாகப் படியுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் என்னை விட்டுவிட்டு ஓடிப் போயிருக்கிறீர்கள். ஓடிவிட்டு, அடியில் என் எண்ணுக்குப் பொருத்தமாக ஒரு எண்ணையும் போட்டு அனுப்புகிறீர்கள். நூலக வரிசையில் செய்ததையே செய்திருக்கிறீர்கள். அன்றைக்காவது வேறு புத்தகம் இருந்தது.

பக்கம் 760. நிஜமாகவே.


ஆகஸ்ட் 27

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் வந்து, அடங்கி, மறுபடியும் வந்திருக்கிறது.

நான் ஒரு பக்கம் கூட ஓடவில்லை. நாளைக்குப் பத்து. ஒரு நாள் டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் கண் சொருகச் சொருகப் படித்தேன், நீ பக்கத்தில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு. 760ஐத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். அங்கே செருப்பும் இல்லை, கேட்கீப்பரும் இல்லை. செருப்பு தைக்கிற இடம் எனக்கு ஜூன் மாதத்திலேயே வந்து போய்விட்டது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று நீயே சொல். ஜூனில் அதுவரைக்கும் படித்திருக்கிறாய். அப்புறம் மூடி வைத்துவிட்டாய். பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணை மட்டும் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய்.

படிக்கப் பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். என்னோடு சேர்ந்து எதுவுமே பிடிக்கவில்லை என்றாலும் சொல்லியிருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்து இத்தனை நாள் பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் லாரி டிரைவர் போன வாரம் ஊருக்கு வந்தபோது உன்னைக் கடைத்தெருவில் பார்த்தாராம். நேர் எதிரே வந்து சிரித்தாராம். நம் வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்ட மனுஷன். நீ முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ போல நடந்து போய்விட்டாயாம். "உங்க வீட்டம்மாவுக்கு எங்களையெல்லாம் அடையாளம் தெரியல போலிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையில் வேலை செய்கிறவனின் ஆட்கள் உனக்கு அவ்வளவு கேவலமாகப் போய்விட்டார்களா?

பதில் எழுது. உண்மையை எழுது.

பக்கம் 900. இதை இனி எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


செப்டம்பர் 8

நீங்கள் சொன்னது சரிதான். நான் படிக்கவில்லை. ஜூனிலேயே மூடி வைத்துவிட்டேன். எண்ணைக் கூட்டித்தான் எழுதினேன்.

டிரைவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏதோ யோசனையில் போயிருப்பேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

உங்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. இதை மட்டும் நம்புங்கள். வேறு எதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

திட்ட வேண்டுமானால் வந்து திட்டுங்கள். பனிக்கு முன்னால் வாருங்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாக இருந்தாலும் சரி. பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. வாருங்கள்.


செப்டம்பர் 20

ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

ஃபோர்மேன் குளிர்காலத்துக்கு ஆள் கேட்டார். நான் இருந்துகொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குப் பதிலாக வர இருந்தவரை வேறு அணைக்கு அனுப்பிவிட்டார்கள். பாதை ஏப்ரலில் திறக்கும்.

யாருக்காக இறங்கி வர வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். பொய் எண் எழுதுகிறவளுக்கு ஒரு பொய் புருஷன் போதும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் டிரங்கில் போட்டுப் பூட்டிவிட்டேன்.


அக்டோபர் 5

கடைசி லாரியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பழுப்புப் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, இருமல் மருந்து. சாம்பல் நிற ஸ்வெட்டரின் இடது கையில் பின்னல் ஒரு இடத்தில் தவறியிருக்கும். பிரித்துப் பின்ன நேரமில்லை. உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது.

டிரைவர் வாசலில் காத்திருக்கிறார். இந்தத் தடவை அவர் குரல் கொடுத்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். டீ கொடுத்தேன்.

பக்கம் எழுதவில்லை. எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.


நவம்பர் 11

என் தங்கமே,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சமையல்காரர் நேற்று மறுபடியும் நச்சரித்தார். "பூட்டி வெச்சு யாருக்குய்யா லாபம், அந்த சிலேட்டைக் கொஞ்சம் குடேன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. வெள்ளெழுத்து. எதையெதையோ அழுத்திப் பார்த்தார். திடீரென்று, "இப்ப தெரியுதுய்யா! எவ்வளவு பெருசு!" என்று கூவினார். வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்க நான்கே வரி. மூலையில் எண் எங்கேயோ போய்விட்டது. "என் பக்கத்தைத் தொலைச்சிட்டீங்களே" என்று அவரிடம் சத்தம் போட்டேன். சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த வரிகள் கண்ணில் பட்டன.

பக்கம் தொலையவில்லை. அதே இடம்தான். எழுத்துப் பெரிதானால் ஒரு பக்கம் நான்கைந்து பக்கமாகப் பிரிகிறது, எண்ணும் ஏறிவிடுகிறது. காகிதத்தில் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. அச்சடித்த புத்தகத்தில் 760 என்றால் யார் திறந்தாலும் அதே 760 தானே.

கேட்கீப்பர் செருப்பு தைக்கிற இடத்துக்குத் திரும்பிப் போனேன். எழுத்தை ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கிக்கொண்டே வந்தேன். ஆறு அளவு இருக்கிறது. ஐந்திலும் உன் எண் வரவில்லை. கடைசி அளவில் வைத்தேன். மூலையில் 760.

நீ ஒரு நாள் கூடத் தவறவில்லை. ஒரு பக்கம் கூடப் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாய், அதையும் நான்தான் உன் வாயிலிருந்து பிடுங்கினேன்.

அந்த அளவில் யார் படிப்பார்கள்? சமையல்காரரே அதற்கு முந்தின அளவு போதும் என்கிறார். நான் உன்னைக் கேட்கிறேன், பயந்துகொண்டே கேட்கிறேன். உன் கண்ணுக்கு என்ன? எறும்பு எழுத்து என்று எழுதினாயே. டிரைவரைப் பார்த்து நடந்து போனாயே. கம்பெனி மூடியதற்கு அப்படி அழுதாயே. "கண்ணையே பிடுங்கிக்கொண்டு போன மாதிரி" என்று நான் எழுதினேனே, பாவி. எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஃபோர்மேனின் காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். நடந்து இறங்க விட மாட்டேன் என்கிறார். பனி தோளுக்கு மேல் கிடக்கிறது. ஆபீஸ் டெலிபோன் கம்பியும் அறுந்து கிடக்கிறது. சாமான் தொட்டியில் ஏறி வருகிறேன். டீசல் பீப்பாய் ஏறி வருகிற கம்பி என்னைத் தாங்காதா? உன் பதில் வந்ததும் கிளம்புகிறேன்.


நவம்பர் 29

என்னங்க,

தொட்டியில் ஏறாதீர்கள். இதுதான் முதல் வரி, இதுதான் கடைசி வரி. பாதி வழியில் காற்றடித்தால் மூட்டைகளையே கவிழ்த்துவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படி ஏதாவது ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் கடிதத்தை நர்ஸ்தான் வாசித்தாள். ஆகஸ்டிலிருந்தே அவள்தான் வாசிக்கிறாள். "பொய் எண் எழுதுகிறவள்" என்று நீங்கள் எழுதியதையும் அவள்தான் வாசித்தாள். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். "நான் எழுதட்டுமாக்கா அவருக்கு?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இதை நானே அடிக்கிறேன். விரல்களுக்கு இன்னும் எல்லா எழுத்தும் இருக்கிற இடம் தெரியும், அவற்றுக்குக் கண் தேவைப்படவில்லை.

போன குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் சரியாக அதன் நடுவில் ஒரு கறை. ஓரத்தில் எல்லாம் தெரியும், பார்க்க நினைக்கிற இடம்தான் தெரியாது. தெருவில் நடக்க முடிகிறது, எதிரே வருகிறவரின் சட்டை தெரிகிறது, முகம் மட்டும் இல்லை. சரி செய்ய மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அச்சுப் புத்தகம் எனக்கு எப்போதோ முடிந்துபோனது. அந்தப் பெட்டியைக் கடையில் கையில் வாங்கி, கடைக்காரர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஒரு வரி எனக்குத் தெரிந்தபோது, அங்கேயே அழாமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, "என்ன, புடிச்சிருக்கா?" என்றீர்கள். பிடித்திருக்கிறது என்றேன்.

பக்கம் ஏன் வேறாகிறது என்று ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. நர்ஸ் எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்து, "அக்கா, நம்பர் குறையுது" என்றாள். உங்களுக்கு எழுதியிருந்தால் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். எழுதியிருந்தால் நீங்கள் வேலையை எறிந்துவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். ஆனால் வேறு முகத்தோடு வந்திருப்பீர்கள். பாவமே என்று பார்க்கிற முகம். எனக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன்.

நான் நினைத்து வைத்திருந்தது வேறு. நீங்கள் பனிக்கு முன்னால் வருவீர்கள். மத்தியானம் நல்ல வெயில் வரும்போது ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து, யாரோடோ சண்டை போடுகிற மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஏதாவது படிப்பீர்கள். நான் எதிரே பெட்டியைப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணில் மிச்சம் இருப்பதை வைத்து, உங்களைப் பார்த்து முடித்துவிடுவேன். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் மெத்தை தைத்தேன். நான் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்தது இப்படி முடிந்தது. உங்கள் மேல் மட்டும் பழி போடாதீர்கள், அதில் எனக்கும் பங்கு கொடுங்கள்.

அக்டோபர் கடைசியில் ஆபீசில், டைப்ரைட்டரில் ரிப்பன் எழுத்தச்சில் படாமல் இறங்கியிருந்தது தெரியாமல் ஒரு மனு முழுவதையும் அடித்து, வக்கீலிடம் வெள்ளைத் தாளாக நீட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து போகவில்லை. இந்த டைப்ரைட்டரை அவர்தான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்.

பெட்டியிலும் இப்போது எழுத்துத் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மூலையில் இருக்கிற எண் என்னவென்று கேட்காதீர்கள். கடைசியாக நான் படித்தது, கேட்கீப்பர் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சின்னவள் அவர் பக்கத்தில் வந்து, "அப்பா, தெனமும் போகுதே, ரயிலுக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். அடுத்த பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. நர்ஸ் வாசிக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

நீங்கள் தாடி வைத்திருக்கிறீர்களாமே. அந்த முகம் எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. என்னிடம் இருப்பது மே மாதம் பஸ் படியில் நின்று, "உள்ள போ, வெயிலா இருக்கு" என்று திரும்பிப் பார்த்தீர்களே, அந்த முகம்தான். அப்போதே அதன் நடுவில் கொஞ்சம் மங்கல். இருந்தாலும் அதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் வாருங்கள். நடந்து வாருங்கள்.


டிசம்பர் 12

என் டைப்பிஸ்டுக்கு,

முதலில் நர்ஸ் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். இதைத் தயவுசெய்து குரலைத் தாழ்த்தி, அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவும். ஒரு கணவன் எழுதுகிற கடிதம். நடுவில் உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அடுத்த பத்திக்குத் தாவிவிடாதீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

தொட்டியில் ஏற மாட்டேன். நேற்று அதன் பக்கத்தில் போய் நின்றேன் என்பதை மறைக்கவில்லை. சமையல்காரர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன். பாதை திறக்கிற அன்று முதல் லாரிக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன்.

நீ சொன்ன ஒரு மத்தியானம் உனக்குக் கிடைக்கவில்லை. குளிர்காலத்துக்கு இருக்கிறேன் என்று நான் போட்ட கையெழுத்தினால்தான் கிடைக்கவில்லை. பங்கு கேட்கிறாய், தர மாட்டேன். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், இதை மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை. உன் எதிரே உட்கார்ந்து புருவத்தைச் சுருக்க இனி எத்தனை வருஷம் கிடைத்தாலும் அந்த ஒரு மத்தியானம் திரும்பி வராது.

சாம்பல் நிற ஸ்வெட்டரைத்தான் தினமும் போடுகிறேன். பின்னல் தவறிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கையை வெளியே தெரிகிற மாதிரிதான் போட்டுக்கொள்கிறேன்.

பெட்டியில் எழுத்தைக் கடைசி அளவுக்கு வைத்துவிட்டேன். இனி அதை மாற்றப் போவதில்லை. கதையில் நான் படித்து முடித்ததை எல்லாம் விட்டுவிட்டு, நீ நிற்கிற இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன். கேட்கீப்பர் உயிரோடு இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சின்னவள் கேட்டுவிட்டாள், அவர் வாயைத் திறக்கிறார். ஜூனில் படித்தபோது அவர் சொன்ன பதில் எனக்கு இப்போது சுத்தமாக நினைவில்லை. எண்ணுக்காக அவசர அவசரமாகப் புரட்டியிருப்பேன். ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும். அழுத்த மாட்டேன். ஏப்ரலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்துகிறேன். நான் வாசிக்க வாசிக்க இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியட்டும். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

இன்று காலையில் சமையல்காரரிடம் வெந்நீர் கேட்டு வாங்கினேன். கத்தரிக்கோல் மொக்கை, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். தாடி போய்விட்டது. ஃபோர்மேன் அடையாளம் தெரியாமல் "யாருய்யா நீ?" என்றார். இனிமேல் தினமும் சவரம் செய்வேன், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் சரி. பஸ் படியில் நீ பார்த்த அந்த முகத்தோடுதான் இறங்கி வருவேன். வேறு முகத்தை உன் வாசலுக்குக் கொண்டுவர மாட்டேன்.

பக்கம்: நீ நிற்கும் அதே பக்கம்.